ஆறுமுகத் தாள்

– அந்தப் போட்டோவ இன்னொரு வாட்டி பாரு, குமுதா. நான் ஸ்டீரிங்க விட முடியாது. நீ பாத்துச் சொல்லு.

– காலி பாட்டிலு, சிஸ்டர். காலையில ஆறேகாலுக்கு அனுப்பியிருக்காரு.

– கூட என்ன எழுதியிருக்கான்?

– ‘மருந்து முடிஞ்சது.’ அவ்வளவுதான். ஒரு வணக்கம்கூட இல்ல.

– என்னைக்குக் குடுத்தோம்?

– திங்கக்கிழமை காலையில. ஆறு நாளைக்கு அளந்து குடுத்தது.

– இன்னைக்கு?

– வெள்ளி.

– ம். எல்லாத்தையும் நானே சொன்னா நீ எதுக்கு மூணு வருஷமா நர்சிங் படிக்கிற? நீ சொல்லு. என்ன ஆயிருக்கும்?

– கீழ கொட்டியிருக்கலாம்.

– அப்புறம்?

– அளவு தெரியாம ஊத்தியிருக்கலாம்.

– அவன் டீ ஃபேக்டரியில ருசி பாக்குற ஆளு, பிள்ளை. தூள கிராம் கிராமா நிறுத்து, கடிகாரத்தப் பாத்து தண்ணி ஊத்துறவன். அவனுக்கா அளவு தெரியாது?

– அப்ப தெரியல, சிஸ்டர்.

– தெரியும். சொல்லக் கூச்சப்படுற. சொல்லு.

– அவரே குடிச்சிருக்கலாம். இல்ல, வெளிய யாருக்காச்சும் வித்திருக்கலாம். ஐயோ, சாகப் போற பிள்ளையோட அப்பாவப் பத்தி இப்படிப் பேச எனக்கே கேவலமா இருக்கு லா.

– அது மார்ஃபின். கேவலம் பாத்தா இந்த வேலைக்கு நீ லாயக்கில்ல. பாட்டில்ல நீ ஒரு பிளாஸ்டர் ஒட்டினியே, தெரியுதா?

– தெரியுது. ஒவ்வொரு வேளையும் மருந்து எடுத்ததும், மிச்சம் எங்க நிக்குதோ அங்க கோடு போடச் சொன்னேன். போட்டிருக்காங்க.

– கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல பாரு. பெரிசாக்கிப் பாரு.

– மூணு கோடு நெருக்கமா இருக்கு. அப்புறம் மூணு கோடு தள்ளித் தள்ளி. மறுபடி மூணு நெருக்கம்... சிஸ்டர், தள்ளி இருக்கிறது சரியா ரெண்டு மடங்கு இருக்கு!

– பகல்ல யாரு குடுக்கிறது?

– பக்கத்து வீட்டு வேலம்மா ஆச்சி. பத்து மணி, ரெண்டு மணி, ஆறு மணி. ராத்திரி ரெண்டு வேளையும் விடியக்காலையும் அவரு.

– அப்ப நெருக்கமா இருக்கிறது வேலம்மா. தள்ளி இருக்கிறது அப்பன்.

– வசுவுக்கு ஒம்பது வயசு. ராத்திரி பூரா ரெண்டு மடங்கு உள்ள போனா பகல்ல கண்ணத் தொறக்க மாட்டாளே. ஆச்சிகிட்ட போன்ல கேட்டேன். நல்லா பேசுறாளாம், படம் வரையுறாளாம்.

– அதான் சொல்றேன். ஊத்துறது ரெண்டு மடங்கு. பிள்ளைக்குள்ள போறது அவ்வளவு இல்ல. வேற என்ன சொன்னா வேலம்மா?

– அவரப் பத்தித்தான். ‘பொண்டாட்டி போனப்பவும் ஒரு சொட்டு கண்ணீர் வரல. பிள்ளைக்கு இனிமே வைத்தியம் இல்ல, வலியில்லாம பாத்துக்கங்கன்னு டாக்டர் சொன்னப்பவும் சரின்னுட்டு வேலைக்குப் போயிட்டாரு. என்ன மனுஷனோ’ன்னு சொன்னுச்சு.

– தோட்டத்து லயத்து வீடுங்கள்ல அப்படித்தான் பேசுவாங்க. ஆனா நீ அத மறந்துடாத. இந்த லோரி வழி விடுமா விடாதா? பத்து மணி வேளைக்குள்ள போகணும்.

– கோழி எரு லோரி, சிஸ்டர். ரிங்லெட்டுலேருந்து இதுக்குப் பின்னாடிதான் வர்றோம். எங்கப்பா தோட்டத்துக்குக்கூடப் போகலாம். திரிங்காப் வரைக்கும் இந்த வாசம்தான்.

– கண்ணாடிய ஏத்து. அந்த மூஞ்சித் தாளு குடுத்தியே, அவளுக்குப் புரிஞ்சுச்சா?

– புரியாம என்ன? அதுக்கு ஆறுமுகத் தாளுன்னு பேரு வச்சதே அவதான். ஆறு மூஞ்சி இருக்கே. முதல் மூஞ்சி சிரிக்கும், ஆறாவது அழுவும். எவ்வளவு வலியோ அந்த மூஞ்சிக்குக் கீழ கோடு. ஒரு தாளு பத்தாது, ரெண்டு குடுங்கக்கான்னா.

– ரெண்டு எதுக்கு?

– கலர் அடிக்கத்தான்.

– சரி. ஒன்னு மட்டும் மனசுல வச்சுக்கோ. சாகப் போற பிள்ளைங்க நீ கேக்குறதுக்கு பதில் சொல்லாது. நீ கேக்காததச் சொல்லும். அதனால போனதும் கேள்வியா கேட்டுத் தள்ளாத. உக்காந்திரு.

– சரி, சிஸ்டர். அவருகிட்ட?

– அவன நான் பாத்துக்கிறேன்.

*

– பிள்ளைகிட்ட இப்ப போகாதீங்க. முதல்ல இங்க அடுப்படியில உக்காருங்க.

– வேலைக்குப் போகலையா, மகேன்?

– லீவு. சிஸ்டர், ஒன்னு கேக்கணும்.

– முதல்ல பத்து மணி மருந்து. குமுதா, புது பாட்டில எடு. ஊசியில்லாத அந்தக் குழல்ல நீயே அளந்து ஆச்சி கையில குடு. ஆச்சி உள்ளதானே இருக்கு? குடுத்துட்டு இங்க வந்துரு... ம், இப்ப கேளு, தம்பி.

– அந்தப் பாட்டில்ல என்ன இருந்தது?

– உனக்குத் தெரியாதா? மார்ஃபின்.

– தண்ணி எவ்வளவு?

– என்ன பேச்சு இது?

– கேள்விதான். இந்தத் தாளப் பாருங்க. அவ கட்டிலுக்குப் பக்கத்துல ஒட்டியிருந்தா. பிச்சு எடுத்தேன்.

– திங்க ராத்திரி, ஆறாவது மூஞ்சி. செவ்வாய், ஆறாவது. புதன், ஆறாவது. நேத்து...

– அதுவும்தான்.

– ஒரு நாள்கூட அஞ்சுக்கு எறங்கலையே.

– மருந்து குடுத்ததுக்கு அப்புறம் போட்ட கோடு இது. அப்ப நீங்க குடுக்கிறது என்ன? மாசத்துக்கு ஒரு புது நர்சுப் பிள்ளையக் கூட்டிட்டு வர்றீங்க. நோட்டுல எழுதிக்கிறாங்க. போறாங்க. அவங்க பழகுறதுக்கு சக்கரைத் தண்ணி போதும்னு நெனச்சீங்களா?

– அண்ணே, அப்படியெல்லாம் இல்ல...

– நீ சும்மா இரு, குமுதா. மருந்து உள்ள போச்சா?

– போச்சு, சிஸ்டர். வாயத் திறந்து காட்டினா.

– நல்லது. மகேன், உனக்குச் சந்தேகம். எனக்கும் சந்தேகம். என்னோடதச் சொல்றேன், கேளு. அதே பாட்டில்லதான் பகல்லயும் மருந்து. பகல்ல உன் மக படம் வரையுறா. அப்ப அது தண்ணி இல்ல. வேலம்மா போட்ட கோடெல்லாம் சரியா இருக்கு. நீ போட்டதெல்லாம் ரெண்டு மடங்கு. ராத்திரியில மருந்து ரெண்டு மடங்கு போயிருக்கு. வலி மட்டும் ஆறாவது மூஞ்சியிலேயே நிக்குது. இந்த ரெண்டையும் சேத்து வச்சு நீயே ஒரு பதில் சொல்லு.

– தெரியாது.

– அவளுக்கு நீ குடுக்கவே இல்ல.

– குடுத்தேன்.

– அப்ப எங்க போச்சு?

– வித்துட்டேன்னு நெனக்கிறீங்க.

– நான் நெனக்கிறது முக்கியமில்ல. மருந்து காணாமப் போச்சுன்னு நான் எழுதித்தான் ஆகணும். எழுதினா வீட்டுக்கு மருந்து குடுக்க மாட்டாங்க. பிள்ளைய ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயி வார்டுல வச்சுத்தான் குடுப்பாங்க.

– ஈப்போ வேணாம்.

– வேணும் வேணாம்னு சொல்ற எடத்துல நீ இப்ப இல்ல.

– என் பொண்டாட்டி மலர் அங்கதான் போச்சு. வசுகிட்ட சொல்லியிருக்கேன். எது நடந்தாலும் இந்த வீட்டுலதான்னு. அவ கேட்டது அது ஒன்னுதான்.

– அப்ப உண்மையச் சொல்லு.

– அண்ணே, சொல்லிடுங்கண்ணே. சிஸ்டர் நெசமாவே எழுதிடுவாங்க.

– குடிச்சேன்.

– யாரு?

– நான்தான். ராத்திரி மூணு வேளையும். அவளுக்கு எவ்வளவோ அவ்வளவு.

– எதுக்கு, தூங்கவா?

– அவ குடிக்கச் சொன்னா.

– யாரு, ஒம்பது வயசுப் பிள்ளையா? தம்பி, நான் இருபத்தாறு வருஷமா இந்த வேலையில இருக்கேன். நல்லதா ஒரு பொய்யாச் சொல்லு.

– திங்க ராத்திரி சொன்னா. ‘ஃபேக்டரியில நீங்க குடிச்சுப் பாத்தாதானப்பா டீ வெளிய போகும்? இதையும் குடிச்சுப் பாருங்க. இல்லன்னா நான் குடிக்க மாட்டேன்.’

– நீயும் குடிச்சிட்ட.

– நாக்குல வச்சுட்டு துப்பினேன். டீய அப்படித்தான் பாக்குறது. முழுங்க மாட்டோம். அவ ஒத்துக்கல. வாய இறுக்கி மூடிக்கிட்டா. அரை மணி நேரம். வலியோட. வேற வழி தெரியல. அவளுக்கு அளக்குற அளவே எனக்கும் அளக்கணும். முழுங்கணும். வாயத் திறந்து, நாக்கத் தூக்கிக் காட்டணும். பாத்துட்டுத்தான் அவ குடிப்பா.

– சிஸ்டர், அது நான் சொல்லிக் குடுத்தது. நாக்கத் தூக்கிக் காட்டுறது. வசுகிட்ட நான் அப்படித்தான் பாப்பேன்.

– நீ எப்படிப் பாத்தியோ அப்படியே பாத்தா. எனக்கு வேலையில கண்ணு சொருகிருச்சு. நேத்து ரெண்டு கோப்பை டீக்கு வித்தியாசம் தெரியல. ஆபீஸ் கிராணி திட்டினாரு.

– எங்களுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே?

– பண்ணினா நிறுத்திடுவீங்க. இப்ப ஈப்போன்னு சொல்றீங்களே, அதேதான் சொல்லுவீங்க.

– அவ எதுக்கு அப்படிக் கேக்கணும்? கசக்குதுன்னா?

– இல்ல. என்னைய நம்பல.

– பெத்த அப்பனையா?

– மலருக்குக் காய்ச்சல்னு கொண்டு போனப்ப, சனிக்கிழமை அம்மா வந்துரும்னு சொன்னேன். வந்துச்சு. வேன்ல, படுத்துக்கிட்டு. அதுலேருந்து நான் எதக் குடுத்தாலும் ஒரு பார்வை பாப்பா. இப்பவும் அதேதான். அவள அனுப்பி வைக்கிறதுக்கு நான் ஏதோ குடுக்கிறேன்னு நெனக்கிறா. அதான் என்னைய முதல்ல குடிக்க வைக்கிறா.

– அண்ணே...

– பரவால்ல. குடிச்சுக் காட்டினேன். குடிச்சா. அது போதும்.

– குமுதா, கண்ணத் தொட. நீ இங்க அழறதுக்கு வரல. மகேன், நீ சொல்றது எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ஒரு எடத்துல இடிக்குது.

– எங்க?

– ஒரு பங்கு உனக்கு, ஒரு பங்கு அவளுக்கு. அப்ப அவ வேளை அவளுக்குச் சரியாத்தான் கெடச்சிருக்கு. கெடச்சிருந்தா ராத்திரியும் பகல் மாதிரிதான் இருக்கணும். அப்புறம் எப்படி நாலு ராத்திரியும் ஆறாவது மூஞ்சி?

– அதத்தான் நான் உங்ககிட்ட முதல்ல கேட்டேன்.

– இந்தத் தாளு நெசம்னா நீ சொல்றது பொய். நீ சொல்றது நெசம்னா இந்தத் தாளு பொய். பிள்ளை எதுக்கு வலியில பொய் சொல்லப் போகுது?

– அவ பொய் சொல்ல மாட்டா.

– அப்ப நீதான். குமுதா, தாள எடுத்துக்கிட்டு உள்ள போ. ஆச்சிய அனுப்பிடு. எதுவும் கேக்காத. அவ கண்ணுல படுற மாதிரி வை. இன்னைக்கு ஈப்போவா இந்த வீடான்னு அவதான் சொல்லணும்.

– நானும் வர்றேன்.

– நீ உக்காரு, தம்பி. பலகைச் சுவருதானே. இங்கேருந்தே எல்லாம் கேக்கும்.

*

– வசு, வரலாமா?

– குமுதாக்கா! அப்பவே கேக்கணும்னு நெனச்சேன். உங்க மேல என்ன நாத்தம் அது?

– கோழி எரு. லோரிக்குப் பின்னாடியே வந்தேன் லா.

– ஐயே! ஆச்சி, போகாதீங்க, இவங்கள வெளிய கூட்டிட்டுப் போங்க.

– ரொம்பத்தான். ஆச்சி வீட்டுல வேலை இருக்காம், போயிட்டு வரட்டும். இன்னைக்கு என்ன படம்?

– லோரி. கீழ கோஸு கொண்டு போறது. உங்க ஊரு லோரிதான். டிரைவர் தூங்குறாரு, பாருங்க.

– டிரைவர் தூங்கினா லோரி பள்ளத்துல போயிருமே.

– போவாது. பக்கத்துல ஒரு பொம்பள பிள்ளை இருக்கா. அவ பாத்துக்குவா.

– கேக்குதா, மகேன்? நல்ல தெளிவாத்தான் பேசுறா.

– எனக்குக் கேக்குது, சிஸ்டர்.

– அக்கா, அங்க அப்பாவ திட்டுறாங்களா?

– இல்லியே.

– பொய் சொல்றீங்க. ஈப்போன்னு ரெண்டு தடவ கேட்டுச்சு. யாரு ஈப்போவுக்குப் போறது? நானா?

– அது... இன்னும் யாரும் முடிவு பண்ணல, வசு. உனக்கு வலி அடங்கலன்னா போக வேண்டி வரலாம்.

– எனக்கு அடங்கிருச்சே.

– நான் உள்ள போறேன், சிஸ்டர். அவ பயந்துக்குவா.

– அசையாத. குமுதாவ விடு.

– அக்கா, அந்தத் தாள நீங்கதான் எடுத்தீங்களா? காலையிலேருந்து சுவத்துல காணோம்னு பாத்தேன்.

– அப்பா குடுத்தாரு.

– அப்பா பாத்துட்டாரா?

– பாத்தாரு.

– என்ன சொன்னாரு?

– ...

– ஏன்க்கா பேச மாட்டேங்கிறீங்க?

– நான் எதுவும் கேக்கக் கூடாதுன்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்க. சும்மா உக்காந்திருக்கேன்.

– சரி உக்காருங்க. கட்டில்ல இல்ல, என் கால் ஆடும். நாக்காலியில.

– ம்.

– அப்பா என்ன சொன்னாருன்னு மட்டும் சொல்லுங்க.

– உனக்கு ராத்திரியில ரொம்ப வலிக்குதுன்னு நெனச்சுட்டாரு. மருந்து சரியில்லன்னு எங்ககூட சண்டை போட்டாரு. அவரு உனக்கு மருந்தே குடுக்கலன்னு சிஸ்டர் நெனச்சுட்டாங்க.

– ஐயோ! ரெண்டு தாளு கேட்டனே, எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?

– கலர் அடிக்க.

– அது நீங்களாச் சொன்னது. நான் ம்ம்னேன், அவ்வளவுதான். தலகாணியத் தூக்குங்க. மெதுவா. கால்ல இடிக்காம. அடியில ஒரு தாளு இருக்கும்.

– இருக்கு.

– அதுதான் என்னோடது. படிங்க.

– திங்க ராத்திரி ரெண்டாவது மூஞ்சி. செவ்வாய் ரெண்டாவது. புதன் மூணாவது...

– புதன்கிழமை இருமல் வந்துச்சு. மத்தபடி ரெண்டுதான். எல்லாம் நெசம்.

– இது உன்னோடதுன்னா, சுவத்துல இருந்தது?

– நான் சொன்னதா சொல்லக் கூடாது. கிட்ட வாங்க. மூக்கப் பிடிச்சுக்கிறேன், வாங்க.

– வந்துட்டேன், சொல்லு.

– அது அப்பாவோடதுக்கா. ‘எந்த மூஞ்சிப்பா?’ன்னு கேட்டா முதல் மூஞ்சியத்தான் காட்டுவாரு. பொய். நான் தூங்கிட்டேன்னு நெனச்சுக்கிட்டு அந்த நாக்காலியிலதான் உக்காந்திருப்பாரு. வாய் மட்டும் திறந்திருக்கும். சத்தமே வராது. அப்படியே அந்த ஆறாவது மூஞ்சி. அதான் மருந்து முதல்ல அவருக்குன்னு குடுத்தேன். நாக்கத் தூக்கி எல்லாம் பாத்துட்டேன், முழுங்குறாரு. ஆனா கொறைய மாட்டேங்குதுக்கா. அவருக்கு அளவு கூட்டணுமா?